குலுக்கை எப்போது காலியாகும்?

பார்க்க ரொம்பச் சின்னக் கணக்கு. கையில் இருக்கும் சரக்கை ஒரு நாள் செலவால் வகுத்தால், எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துவிடும். அந்த நாட்களை இன்றைய தேதியோடு கூட்டினால் சரக்கு தீரும் தேதி. முடிஞ்சது ஜோலி.

நான் சாப்ட்வேர்ல குப்பை கொட்டுறதே இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை வைத்துத்தான். எக்ஸெல், பவர் பிஐ, பாண்டாஸ்னு கருவி மாறும். கேட்கிற கேள்வி மட்டும் மாறாது. "எந்தப் பொருள் எந்தத் தேதியில தீரும்? அதுக்கு முன்னாடி எப்ப ஆர்டர் போடணும்?"

இதே கேள்வியை நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு எத்தனையோ தலைமுறையா கேட்டுக்கிட்டு இருக்கு. அங்கே சரக்கு என்பது கம்பும் சோளமும். குடோன் என்பது குலுக்கை. பார்க்காதவங்களுக்கு: மண்ணைக் குழைத்து ஆளுயரத்துக்கு எழுப்பிய தானியக்கூடு அது. மேலே கொட்டணும், கீழே இருக்கிற ஓட்டை வழியா எடுக்கணும். முதலில் போட்டது முதலில் வெளியே வரும். நாம இன்னைக்கு இன்வென்டரி பாடத்துல பெருமையா படிக்கிற அதே முறைதான் :-)

அந்தக் கேள்விக்குத் தப்பான விடை சொன்னவங்க யாரு, அதுக்கு யாரு விலை கொடுத்தாங்க என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

முதலில் ஒரு வீடு

ஒரு கற்பனைக் குடும்பம். ஆறு பேர். ஒரு நாளைக்கு 3 கிலோ தானியம். மாசி 1ஆம் தேதி களம் அடித்து முடித்து, குலுக்கையில் 1000 கிலோ இருக்கு. வகுத்தால் 333 நாள். மாசி 1 என்பது பிப்ரவரி 13. அதிலிருந்து 333 நாள் எண்ணினால் ஜனவரி 11 ராத்திரி வரைக்கும் சோறு உண்டு. பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. பரவாயில்லையே, அக்கம்பக்கத்தில் கைமாத்து வாங்கிச் சமாளிச்சிரலாம்னு தோணும்.

இப்ப நிஜ வாழ்க்கையை உள்ளே விடுங்க. சித்திரையில் பழைய கடனுக்கு 50 கிலோ அளக்கணும். புரட்டாசியில் விதைக்கு 20 கிலோ. கார்த்திகையில் களை எடுக்க வருகிறவர்களுக்குக் கூலியாக 100 கிலோ. இதையெல்லாம் தேதிவாரியாகப் போட்டுக் கழித்துக்கொண்டே வாங்க. ஐப்பசி கடைசியில் 102 கிலோ நிற்கும். கார்த்திகை 1ஆம் தேதி, அதாவது நவம்பர் 16 அன்று, கூலியை அளந்து போட்டால் மிச்சம் 2 கிலோ. அன்றைய சமையலுக்கே பத்தாது.

வகுத்தல் கணக்கு சொன்ன தேதிக்கும் நிஜத் தேதிக்கும் 57 நாள் வித்தியாசம். சரக்கு அதேதான், மாறவே இல்லை. செலவு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வகுக்க மாட்டார்கள். ஒரு காலண்டர் அட்டவணை போடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி. வரவு ஒரு பத்தி, செலவு ஒரு பத்தி, இரண்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டே போகும் இருப்பு ஒரு பத்தி. இருப்பு எந்த வரியில் முதல் தடவையா பூஜ்யத்துக்குக் கீழே போகுதோ, அதுதான் தேதி. எக்ஸெல்லிலும் பவர் பிஐயிலும் பாண்டாஸிலும் செய்வது இவ்வளவுதான்.

டோட்டல் வரி சொல்லும் பொய்

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கு. அதுதான் இந்தப் பதிவின் மையமே.

மூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாளைக்கு 3 கிலோ வேணும். முதல் வீட்டில் 900 கிலோ, இரண்டாவதில் 90 கிலோ, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. தனித்தனியா பார்த்தால் முதல் வீட்டுக்கு 300 நாள், இரண்டாவதுக்கு 30 நாள், மூன்றாவது வீட்டில் இன்னைக்கே அடுப்பு எரியாது.

இப்ப ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கிற டோட்டல் வரியைப் பாருங்க. மொத்த இருப்பு 990 கிலோ. மொத்தச் செலவு 9 கிலோ. 110 நாள்! பவர் பிஐ மாதிரிக் கருவிகளில் டோட்டல் வரி என்பது மேலே இருக்கிற விடைகளின் தொகுப்பு கிடையாது. எல்லாரோட சரக்கையும் ஒண்ணா கொட்டிட்டுப் புதுசா கணக்குப் போட்ட விடை அது. முதல் வீட்டுக்காரர் தன் குலுக்கையைத் திறந்து மற்ற இரண்டு வீட்டுக்கும் தினமும் தேவையான அளவு அளந்து கொடுத்தால் மட்டும்தான் அந்த 110 நாள் உண்மை.

இந்த மூன்றாவது வீடு கற்பனை இல்லை. களை எடுக்க வருகிற கூலிக்காரர் வீடு அது. முதல் அட்டவணையில் 100 கிலோ 'செலவு' என்று எழுதினேனே, அதுதான் அந்த வீட்டுக்கு 'வரவு'. வடகிழக்குப் பருவமழை பெய்யவில்லை என்றால் விதைப்பு இல்லை, களை இல்லை, கூலி இல்லை. சம்சாரி வீட்டுக் குலுக்கையில் போன வருஷத்துத் தானியம் இன்னும் சில மாதம் நிற்கும். கூலிக்காரர் வீட்டிலோ மழை தவறிய மாதமே தீர்ந்துபோகும். ஒரே ஊர், ஒரே வானம், தேதி மட்டும் வேற வேற.

தாது வருஷம்

1876-77 தமிழ் வருஷக் கணக்கில் தாது. அடுத்தது ஈஸ்வர. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம்ம பக்கத்துக் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பீங்க. 1876இல் தென்மேற்குப் பருவமழையும் சரியில்லை, வடகிழக்கும் பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் இறந்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். 80 லட்சத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு.

திருநெல்வேலி ஜில்லாவை மொத்தமா பார்த்தால் பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் அளவுக்கு அடி வாங்கவில்லை. ஆனால் இந்த 'மொத்தமா' என்ற வார்த்தையிலேயே டோட்டல் வரி ஒளிந்திருக்கிறது. தெற்கே தாமிரபரணிப் பாசனம். அந்த ஆற்றுக்கு இரண்டு பருவமழையிலும் தண்ணீர் வரும். வடக்கே வற்றாத ஆறு கிடையாது, வானம் பார்த்த கரிசல். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஜில்லா சுமாராகத் தெரியும்.

கரிசலுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு போகவில்லை. இந்தியப் பஞ்சுக்கு ஏகப்பட்ட கிராக்கி. நம்ம சீமைப் பஞ்சு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 'டின்னவெல்லி' என்ற பேரே பஞ்சுச் சந்தையில் ஒரு ரகமாச்சு. போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஆனாலும் பருத்தி கரிசலை விட்டுப் போகவில்லை.

பருத்தியைக் குலுக்கையில் போட்டு வைத்துத் தின்ன முடியாதே. அதை விற்று, காசை வைத்துத்தான் தானியம் வாங்கணும். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பு என்பது காசு. அது எத்தனை நாள் தாங்கும் என்பது தானிய விலையைப் பொறுத்தது. விலை இரண்டு மடங்கானால் 60 நாள் இருப்பு ஒரே நாளில் 30 நாள் இருப்பாகிவிடும். வீட்டில் யாரும் ஒரு பிடி கூட எடுத்துத் தின்றிருக்க மாட்டார்கள், ஆனாலும் பாதி காணாமல் போயிருக்கும்!

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியா தூத்துக்குடிக்கு ரயில் பாதை புதுசா வந்திருந்தது. ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும், மிச்சம் இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குத் தானியம் ஓடும் என்பது அன்றைய நம்பிக்கை. ஓடியது என்னவோ உண்மை. ஆனால் சரக்கு ரயில் பசி இருக்கிற ஊரைத் தேடிப் போகவில்லை. விலை கொடுக்கிற ஊரைத் தேடித்தான் போனது. கையில் காசில்லாதவன் வீட்டு வாசலில் ரயில் நின்றாலும் அவன் அட்டவணையில் வரவு பூஜ்யம்தான்.

மூன்று கணக்கர்கள்

சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. தானியம் தீர்ந்துவிடும் என்று பயந்து, 1876 கடைசியில் ஆர்பத்நாட் கம்பெனி மூலமாக ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். (1906இல் திவாலாகி ஏகப்பட்ட பேரைத் தெருவில் நிறுத்தியது இதே ஆர்பத்நாட்தான். அந்த அடிக்குப் பிறகுதான் 1907இல் இந்தியன் பேங்க் பிறந்தது. அது தனிக் கதை.) அவருடைய வழி, வரவுப் பத்தியைக் கூட்டுவது.

வைஸ்ராய் லிட்டனின் அரசுக்கு இது பிடிக்கவில்லை. அரசு தானிய வியாபாரத்தில் கையை வைத்தால் தனியார் வியாபாரி ஒதுங்கிவிடுவான் என்பது அவர்கள் சித்தாந்தம். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். இவர் கதை விசித்திரமானது. 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்கியவர் இவரேதான். அங்கே பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. கடைசியில் ஒரு லட்சம் டன் மிஞ்சியது. அதற்காகப் பாராட்டு கிடைத்ததா? இல்லீங்க. பணத்தை விரயம் பண்ணிட்டார் என்று திட்டுதான் விழுந்தது. சரக்கு மிஞ்சினால் கணக்கன் முட்டாள் என்றாகிவிட்டது.

அந்த மனுஷன் சென்னைக்கு வந்தபோது எதிர்ப்பக்கம் சாய்ந்தார். வரவைக் கூட்டுவதற்குப் பதில் செலவைக் குறைத்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் கெட்ட பேர் வாங்கிய அளவு இதுதான்.

எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு, சுமார் 680 கிராம் தானியமும், கூடவே பருப்பு காய்கறியும் வேணும் என்று வாதாடினார். 1877இல் சென்னை அரசு பாதி தூரம் இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று கூட்டியது.

இதை நம்ம ரிப்போர்ட் மொழியில் பார்த்தால் முதுகுத்தண்டு சில்லிடும். தினச் செலவு என்ற பத்தியில் 680க்குப் பதில் 450 என்று மாற்றிப் பாருங்க. அதே சரக்கு ஒன்றரை மடங்கு நாள் தாங்கும். தீரும் தேதி தள்ளிப் போகும், ரிப்போர்ட் பச்சையாக மாறும். மண் சுமக்கிறவன் உடம்பில் தினமும் குறைகிற 230 கிராம் எந்தப் பத்தியிலும் வராது. அந்த இருப்புக்குத் தனியா ஒரு பத்தி போடணும் என்று சொன்னவர்தான் கார்னிஷ்.

இதே காலத்தில், 1877-78இல், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான கோதுமை சுமார் 3,20,000 டன். அதுவரை இல்லாத அளவு.

கமிஷன் போட்ட டோட்டல்

பஞ்சம் ஓய்ந்தபின் சர் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் உட்கார்ந்தது. 1880இல் அறிக்கை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் சாதாரண வருஷத்தில் சுமார் 5 கோடியே 15 லட்சம் டன். மனுஷர் சாப்பாடு, மாட்டுத் தீவனம், விதை, சேதாரம் எல்லாம் போக 50 லட்சம் டன்னுக்கு மேல் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். அதாவது டோட்டல் வரிப்படி இந்தியாவில் சரக்கு தீரவே தீராது!

கமிஷனிலேயே இரண்டு பேர் மறுப்பு எழுதினார்கள். விவசாயம் தெரிந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கேர்ட், சென்னை மாகாணத்திலிருந்து போன சல்லிவன். சில பகுதிகளிலாவது அரசே தானியம் சேமித்து வைக்கணும் என்பது அவர்கள் கட்சி. அது எடுபடவில்லை.

ஆனால் கமிஷனை முழுக்கத் திட்டவும் முடியாது. அதன் விளைவாக 1880களில் வந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளில் ஓர் அசாத்திய யோசனை இருந்தது. எவ்வளவு தானியம் இருக்கு, எந்தத் தேதியில் தீரும் என்று எண்ணுவதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அறிகுறிகளைப் பார். தானிய விலை ஏறுகிறதா? பிச்சை போடுவது குறைகிறதா? கடன் கிடைக்காமல் போகிறதா? திருட்டு கூடுகிறதா? ஜனம் மாட்டை ஓட்டிக்கொண்டு ஊர் மாறுகிறதா? இதெல்லாம் தெரிந்தால் 'சோதனை வேலை' ஒன்றைத் திற. கஷ்டமான வேலை, வயிற்றுக்கு மட்டும் கூலி. அதற்கும் கூட்டம் வந்தால் பஞ்சம் வந்தாச்சு என்று அர்த்தம்.

இது கொடூரமான அளவுகோல்தான், மறுக்கலை. ஆனால் யோசிச்சுப் பாருங்க. மூன்றாவது வீட்டுக் குலுக்கையை எந்தத் தாசில்தாராலும் எட்டிப் பார்க்க முடியாது. அந்த வீட்டு ஆள் மண்வெட்டியோடு வந்து நின்றால் அங்கே தேதி முடிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். டோட்டல் வரியை நம்பாமல், எந்த வரியில் முதலில் பூஜ்யம் வருகிறது என்று கவனித்த முதல் அரசு முயற்சி இதுதான் என்பது என் கருத்து.

மூன்று வாரம் குறைந்தால்?

டோட்டல் வரி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு மிகத் தெளிவான ஆதாரம் நம்ம ஊரில் இல்லை, வங்காளத்தில் இருக்கு. 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. தமிழ்நாட்டுக்கும் அது அடிதான், வங்காளத்துக்கும் அடிதான். அங்கே 1943இல் பெரும் பஞ்சம். விசாரித்த உட்ஹெட் கமிஷன் 1945இல் கொடுத்த அறிக்கையில் கிட்டத்தட்ட நம்ம ரிப்போர்ட்டையே போட்டிருந்தது. 1943இல் வங்காளத்தில் இருந்த மொத்த அரிசி சுமார் 49 வாரத்துக்குப் போதும். வருஷத்துக்கு 52 வாரம். ஆகப் பற்றாக்குறை மூன்று வாரம்.

மூன்று வாரம்! எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டால் சமாளிக்கிற அளவு. ஆனால் இறந்தவர்கள் அந்தக் கமிஷன் கணக்கிலேயே 15 லட்சம். பின்னால் வந்த மதிப்பீடுகள் 20, 30 லட்சம் வரை போகின்றன. அமர்த்தியா சென் 1981இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் பிரித்து மேய்ந்தார். 1943இன் தானிய இருப்பு 1941ஐ விட அதிகம். 1941இல் பஞ்சம் இல்லை. வித்தியாசம் எங்கே? விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. விவசாயக் கூலி, மீனவர், படகோட்டி போன்றவர்களின் வரிசையில் முதலில் பூஜ்யம் விழுந்தது. கரிசல் காட்டு மூன்றாவது வீடு மாதிரியே.

ஒளிந்த சரக்கும் கப்பல் சரக்கும்

சுதந்திரத்துக்குப் பிறகும் இதே கேள்வி விடவில்லை. ரேஷனும் கட்டுப்பாடும் தொடர்ந்தன. 1952 ஜூனில் ராஜாஜி சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அவர் பந்தயம் என்னன்னா, சர்க்கார் நோட்டில் இருக்கிற இருப்பு பொய். கட்டுப்பாட்டுக்குப் பயந்து பதுங்கியிருக்கும் சரக்கு வெளியே வரும். வந்தது. நோட்டில் வராத சரக்கும் உண்டு என்பதற்கு அது ஒரு பாடம்.

1965லும் 1966லும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது மத்தியில் உணவு அமைச்சர் நம்ம கொங்கு நாட்டு சி. சுப்பிரமணியம். 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. ஜனாதிபதி ஜான்சன் அதை ஒரே மூச்சில் தராமல், மாதாமாதம் பார்த்துப் பார்த்து அனுமதித்தார். கப்பலில் இருந்து இறங்கியது நேரா வாய்க்குப் போன காலம். நாடு முழுவதற்கும் தீரும் தேதி என்பது அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதுதான். அதே சி.எஸ். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்கியதும், 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்ததும் அந்த மாதாந்திரப் பதற்றத்திலிருந்து தப்பிக்கத்தான். கழகத்தின் முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில்.

கழகம் வைத்திருக்க வேண்டிய கையிருப்புக்கு ஓர் அளவு உண்டு. 2015இல் நடைமுறைக்கு வந்த கணக்குப்படி அரிசியும் கோதுமையும் சேர்த்து ஏப்ரல் 1 அன்று 210.40 லட்சம் டன், ஜூலை 1 அன்று 411.20, அக்டோபர் 1 அன்று 307.70, ஜனவரி 1 அன்று 214.10. ஒரே எண்ணைச் சொல்லாமல் ஏன் நாலு எண்? ஜூலைக்குள் கோதுமை வரவு முடிந்துவிடும், அடுத்து நெல் வரும்வரை இருப்பைத் தின்றுதான் ஓட்டணும். நம்ம கற்பனைக் குடும்பம் மாசியில் நிறைந்த குலுக்கையோடும் கார்த்திகையில் காலிக் குலுக்கையோடும் நிற்கிற அதே கதை. காலண்டர் இல்லாமல் இருப்பை மட்டும் பார்த்தால் அர்த்தமே இல்லை.

163ம் 168ம்

கடைசியாக இரண்டு எண்கள். இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

2016 வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு சராசரியா 440 மில்லிமீட்டர் வரணும். வந்தது 168. 62 சதவீதம் குறைவு. இதைவிட மோசமான வருஷம் எப்போது என்று பதிவேட்டைத் தேடினால், 140 வருஷம் பின்னால் போகணும். 1876. அந்த வருஷம் சுமார் 163 மில்லிமீட்டர்.

ஆமாங்க, தாது வருஷத்து வானமேதான் 2016இலும்.

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கரிசலில் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் கருகின. கடன் ஏறியது. மாடுகளை விற்றார்கள். விவசாயிகள் சாவுச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் சின்ன விஷயமாகச் சொல்லவே மாட்டேன். ஆனால் கஞ்சித்தொட்டியைத் தேடி ஊர் ஊராக ஜனம் நடந்து சாகவில்லை. வானம் அதேதான், அட்டவணைதான் வேற.

என்ன வேற? 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியிலிருந்து பிடித்து, 1972இல் வந்த நுகர்பொருள் வாணிபக் கழகம், 1997இல் மத்திய அரசு 'ஏழைகளுக்கு மட்டும்' என்று சுருக்கியபோதும் எல்லாருக்கும் ரேஷன் என்று தமிழ்நாடு பிடிவாதமாக நின்றது, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. இதெல்லாம் சேர்ந்து ஒரு வேலை செய்தன. மூன்றாவது வீட்டு அட்டவணையில், மழையைச் சாராத ஒரு வரவு வரியை மாதாமாதம் எழுதின. அந்த அரிசியைக் கேலி பண்ணுகிறவர்கள், கடத்தல் என்கிறவர்கள், புழுத்த அரிசி என்கிறவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனாலும் ரேஷன் அரிசி என்பது சரக்கு தீரும் தேதியை நாட்டுக்கு ஒன்றாகப் போடாமல் வீட்டுக்கு வீடு தள்ளிப் போட்ட கணக்கு.

ஸோ, நம்ம தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தீரும் தேதியைக் கணக்குப் போடும் ரிப்போர்ட் செய்தால், வகுத்தல் வேண்டாம், காலண்டர் போடுங்க. வரவு நிச்சயமா, கப்பல் நம்பிக்கையா என்று பிரிச்சு எழுதுங்க. தினச் செலவு என்று போட்டிருக்கிற எண்ணை யார் சொன்னது, அவர் டெம்பிளா கார்னிஷா என்று விசாரிங்க. டோட்டல் வரியில் தேதியைக் காட்டவே காட்டாதீங்க. காட்டித்தான் ஆகணும் என்றால் எல்லா வரிசையிலும் முதலில் விழுகிற பூஜ்யத்தின் தேதியைக் காட்டுங்க.

ஒரு நட்டும் போல்ட்டும் தீர்ந்தால் லைன் இரண்டு நாள் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அதே சூத்திரம்தான் ஒரு காலத்தில் சோத்துக்கும் போடப்பட்டது. போட்டவங்க எல்லாரும் நல்லா படிச்சவங்க. கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. எந்த வரியைப் பார்க்கணும் என்பதுதான் அவங்களுக்குத் தெரியவில்லை.

டிஸ்கி: 1000 கிலோ குடும்பமும் மூன்று வீடுகளும் விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. கூட்டிப் பார்த்துக்கலாம், சரியா வரும் :-)